காசு கொடுத்து நடக்கும் மலைவழி: தேயிலைத் தோட்டங்களில் யார் வழிகாட்டி?

நுவரெலியா பஸ் நிலையத்திலிருந்து கந்தப்பளை வழியாக ராகலைக்கு வரும் பஸ்ஸில் இப்போது வெள்ளைக்காரர்கள் ஏறுகிறார்கள். முதுகில் பெரிய பை, கையில் மடக்கும் ஊன்றுகோல், காலில் சேறு காய்ந்த சப்பாத்து. இடையில் ஏதோ ஒரு தோட்டச் சந்தியில் இறங்கித் தேயிலைக்குள் நடக்கத் தொடங்கிவிடுவார்கள். “காசு குடுத்தா நடக்க வந்திருக்காங்க?” என்று எங்கள் லயத்து அம்மாமார் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள். பிரட்டுக்களத்துக்கும் மலைக்கும் ஸ்டோருக்கும் இடையில் ஆயுள் முழுக்க நடந்தே தேய்ந்த கால்கள் அப்படித்தானே கேட்கும்.

ஆம், காசு கொடுத்துத்தான் நடக்கிறார்கள். உலகம் முழுக்க அது இன்று ஒரு தொழில். காலையில் புறப்பட்டு, ஒரு வழிகாட்டியுடன் மலையோ பாலைவனமோ பள்ளத்தாக்கோ நடந்து, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடும் பகல் நடை. ராகலையைச் சேர்ந்த நானும் கடந்த சில வருடங்களாக இடையிடையே இந்த வேலையைச் செய்கிறேன். இந்தத் தொழில் எப்படி நடக்கிறது, அதில் மலையகத்துப் பிள்ளைகளுக்கு என்ன இடம் இருக்கிறது, வடக்கு கிழக்கிலிருந்து வரும் எம்மவர்கள் ஏன் இந்தப் பாதையில் நடந்து பார்க்க வேண்டும் என்பதைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

பீக்கோ பாதை

‘பீக்கோ’ என்பது தேயிலைத் தூளின் ஒரு தரத்துக்குப் பெயர். அந்தப் பெயரில் மத்திய மலைநாட்டில் 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் ஒரு நடைபாதை வகுக்கப்பட்டிருக்கிறது. கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கும் பாதை கலஹா, லூல்கந்துர, பூண்டுலோயா, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை என்று போய், ஹப்புத்தளை, எல்ல பக்கமாகச் சுற்றித் திரும்புகிறது. உடப்புசல்லாவ, கந்தப்பளை வழியாக வந்து நுவரெலியா பீட்ரு தோட்டத்தில் முடிகிறது. மொத்தம் 22 கட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு பகலில் நடந்து முடிக்கக்கூடிய தூரம். முழுவதையும் நடப்பவர்கள் குறைவு. பெரும்பாலானோர் தங்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்துவிட்டுப் போவார்கள்.

இதை உருவாக்க முன்னின்றவர் நீண்டகாலமாக இலங்கையில் சுற்றுலாத் துறையில் இருக்கும் மிகெல் குனாட். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவின் யுஎஸ்எய்டும் இதற்கு நிதி வழங்கின. புதிதாக வெட்டப்பட்ட பாதை என்று இதில் அதிகம் இல்லை. முன்பே கிடந்த வண்டிப் பாதைகளையும் தோட்ட ரோட்டுகளையும் குறுக்குப் பாதைகளையும் தேடிப் பிடித்து, அளந்து, இணைத்து, அடையாளப் பலகை நாட்டி, தொலைபேசியில் பார்க்கக்கூடிய வரைபடமாக்கியிருக்கிறார்கள். நல்ல வேலைதான். அதில் எனக்குக் குறை இல்லை.

ஆனால் அந்தப் பாதைகளை முதலில் போட்டவர்கள் யார் என்று கேட்டால், பதில் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் கறுப்பு வெள்ளைப் படங்களில் இருக்கிறது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்று பாடப்புத்தகம் சொல்லும். நடுவதற்குக் காட்டை வெட்டியவர்கள், கான் எடுத்தவர்கள், கல் அடுக்கியவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இன்றைக்கும் பழைய கல்வேலி ஒன்று சரியாமல் நிற்கும் இடத்தில் நான் நடப்பவர்களை நிறுத்திக் காட்டுவேன். சீமெந்து இல்லாமல், கல்லுக்குக் கல் பார்த்து அடுக்கியது. அதன்மேல்தான் தேயிலை நிற்கிறது, அதன் ஓரமாகத்தான் நாங்கள் நடக்கிறோம்.

ராகலைக்கு ஒரு காலத்தில் ரயிலும் வந்தது என்பது எங்கள் பிள்ளைகளுக்கே தெரியாது. நானுஓயாவிலிருந்து இரண்டரை அடி அகலத் தண்டவாளம் போட்டு, 1903இல் நுவரெலியாவுக்கும் அடுத்த வருடம் கந்தப்பளை தாண்டி ராகலை வரைக்கும் சிறிய ரயில் ஓடத் தொடங்கியது. இறங்கும்போது தேயிலைப் பெட்டி, ஏறும்போது அரிசியும் உரமும். 1940களில் வீதிப் போக்குவரத்தோடு போட்டியிட முடியாமல் மூடிவிட்டார்கள். தண்டவாளம் போய்விட்டது, தடம் இருக்கிறது. ரயில் செங்குத்தாக ஏறாது என்பதால் அந்தத் தடம் மெதுவாக வளைந்து வளைந்து ஏறும், அதனால் அதில் நடப்பது சுகம். கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துப் பழைய ஸ்டோர் இப்போது பெரிய ஹோட்டல். அதன் முற்றத்தில் பழைய ரயில் பெட்டி ஒன்றைச் சாப்பாட்டு அறையாக்கி வைத்திருக்கிறார்கள். அதில் அமர்ந்து சாப்பிட எங்களால் முடியாது, விலை அப்படி. பெட்டியாவது துருப்பிடிக்காமல் இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

வழிகாட்டிக்கு என்ன தெரிய வேண்டும்

வரைபடம் தொலைபேசியில் இருக்கும்போது வழிகாட்டி எதற்கு என்று சிலர் கேட்பார்கள். வழியைக் காட்டுவது இந்த வேலையில் மிகச் சிறிய பங்கு.

முதலில் குளவி. தேயிலை மலையில் உயிரை எடுக்கும் விலங்கு எது என்று வெளியில் கேட்டால் சிறுத்தை என்பார்கள். சிறுத்தை உண்டுதான், ஆனால் அது மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போகும். குளவி அப்படியல்ல. கொழுந்து எடுக்கப் போன பெண்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போவதும், இறந்துபோவதும் தோட்டத்தில் அடிக்கடி கேட்கும் செய்தி. எந்த மரத்தில் கூடு தொங்குகிறது, நேற்று எந்த மலையில் கலைந்தது என்பது அந்தத் தோட்டத்துக்காரருக்குத்தான் தெரியும். தொலைபேசி வரைபடத்தில் அது இராது. நான் ஒரு தோட்டத்துக்குள் ஆட்களைக் கூட்டிப்போவதற்கு முதல்நாள் மாலை அங்கே யாரையாவது அழைத்துக் கேட்டுவிடுவேன். வாசனைத் தைலம் பூசிக்கொண்டு வருபவர்களிடம் கழுவச் சொல்வதும், கூடு இருக்கும் இடத்தில் சத்தம் போடாமல் போகச் சொல்வதும் என் வேலை.

அடுத்தது மருந்து. களைக்கும் பூச்சிக்கும் மருந்து அடிக்கும் நாளில் அந்த மலைக்குள் போகக் கூடாது. எந்த நம்பர் மலையில் இன்று மருந்து, எதில் கவ்வாத்து, எதில் கொழுந்து என்பது காலைப் பிரட்டில் தீர்மானமாகும். பிரட்டுக்குப் போய் வந்த ஒரு அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். தமிழ் தெரியாத வழிகாட்டிக்கு இந்த ஒரு வார்த்தை கிடைக்காது.

மழை, மண்சரிவு. 2007 ஜனவரியில் வலப்பனை, ஹங்குராங்கெத்த பகுதிகளில் நடந்த மண்சரிவுகளை இந்தப் பக்கத்தவர்கள் மறக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மண்ணுக்குள் போனவர்களை நாடே அறியும். மலை சரிவதற்கு முன் அடையாளம் காட்டும். புதிதாக வெடிக்கும் நிலம், சாயும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, வழக்கமாக ஓடும் தண்ணீர் நின்றுபோவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நடையை நிறுத்தித் திரும்ப வேண்டும். காசு வாங்கிவிட்டோமே என்று முன்னேறக் கூடாது.

மூடுபனி இன்னொன்று. மதியம் இரண்டு மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்தால் பத்தடிக்கு அப்பால் கான் இருப்பது தெரியாது. தேயிலை நிரைகளுக்கு இடையே வெட்டிய கான்கள் புல் மூடிக் கிடக்கும். கால் போனால் முறியும். அதனால்தான் பகல் நடையைக் காலை ஏழு மணிக்குள் தொடங்கி, மதியச் சாப்பாட்டுக்கு முன் கூடிய தூரத்தை முடித்துவிட வேண்டும் என்பேன். நடை அனுபவம் இல்லாதவர்களுக்குப் பத்து, பன்னிரண்டு கிலோமீற்றர் போதும். சமதரையில் பன்னிரண்டு கிலோமீற்றர் நடப்பவர் மலையில் எட்டில் உட்கார்ந்துவிடுவார்.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது, பாதை வீட்டு வாசல் வழியாகப் போகிறது என்பதை நினைவில் வைத்திருப்பது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் வாழ்பவர்களுக்கு வாசல்தான் முற்றம், வாசல்தான் குளிக்கும் இடம், துணி காயும் இடம், பிள்ளை படிக்கும் இடம். அந்த வாசலுக்குள் கமெராவை நீட்டினால் என்ன தோன்றும்? கொழுந்துக் கூடையுடன் ஒரு பெண்ணை நிற்கவைத்துப் படம் எடுத்து, கையில் நூறு ரூபாயைத் திணித்துவிட்டுப் போகும் பழக்கம் ஒன்று எல்ல பக்கத்தில் வந்துவிட்டது. நிறுவைக்கு முன் இத்தனை கிலோ எடுத்தாக வேண்டும் என்று ஓடும் பெண்ணுக்கு அந்தப் பத்து நிமிடம் கொழுந்துக் கணக்கில் குறையும். நான் கூட்டிவருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: பெயர் கேளுங்கள், பேசுங்கள், பிறகு அனுமதி கேட்டுப் படம் எடுங்கள். மறுத்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

சினாய் பாலைவனத்தில் செய்ததைப் போல

இதையெல்லாம் யோசிக்கும்போது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது எகிப்தின் சினாய். அங்கே தேயிலையும் இல்லை, மழையும் இல்லை. கருங்கல் மலைகள், காற்றும் வெள்ளமும் அறுத்த குறுகிய கற்பள்ளத்தாக்குகள், நடுவில் எங்கோ ஒரு ஊற்று. மலைக்காட்சி பார்க்க உலகம் போகும் இடம். ஆனால் 2011க்குப் பிறகு அரசியல் குழப்பமும் ஆயுதத் தாக்குதல்களும் சுற்றுலாவை அழித்துவிட்டன. அங்கு வாழும் பெதூயின் மக்களுக்கு ஏற்கெனவே அரசாங்க வேலையும் இல்லை, நிலத்துக்கு உறுதியும் இல்லை.

2015இல் தராபீன், முசைனா, ஜெபலேயா என்ற மூன்று கோத்திரங்கள் சேர்ந்து ‘சினாய் பாதை’யைத் தொடங்கின. அகபா வளைகுடாக் கரையிலிருந்து சென். கத்தரின் மலை உச்சி வரை 220 கிலோமீற்றர். 2018இல் அது எட்டுக் கோத்திரங்களின் 550 கிலோமீற்றர் பாதையாக வளர்ந்தது. பழைய வணிக வழிகளையும் யாத்திரை வழிகளையும் இணைத்த பாதைதான் அதுவும். எனக்குப் பிடித்தது அவர்களுடைய ஒழுங்கு. ஒரு கோத்திரத்தின் எல்லை முடியும் இடத்தில் வழிகாட்டி மாறுவார். அடுத்த நிலத்தில் அடுத்த கோத்திரத்துக்காரர்தான் வழிநடத்துவார். ஒட்டகமும் சமையலும் அப்படியே. அந்தந்த நிலத்தின் வேலை அந்தந்த மக்களுக்கு. யாரோ கெய்ரோவிலிருந்து வந்து முழுப் பாதைக்கும் கதை சொல்லிவிட்டுப் போக முடியாது.

2019இல் இன்னொரு படி வைத்தார்கள். சினாயின் வாடி சாஹு பள்ளத்தாக்கில் ஹமாதா கோத்திரத்துப் பெண்கள் முதல்முறையாக வழிகாட்டிகளானார்கள். அங்கே பெண்கள் வெளியாருடன் வேலை செய்வது வழக்கமில்லை. அதனால் நடப்பவர்களும் பெண்களாகவே இருக்க வேண்டும், பொழுது சாய்வதற்குள் பெண்கள் வீடு திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனைகளுடன் தொடங்கினார்கள். பகல் நடை என்ற வடிவமே அந்தப் பெண்களுக்குக் கதவைத் திறந்தது.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. ஜோர்தானின் பெத்ரா 1985இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தபோது, அங்கே குகைகளில் வாழ்ந்த பெதூல் மக்களைப் பக்கத்தில் உம் சைஹூன் என்ற புதிய குடியிருப்புக்கு நகர்த்தினார்கள். இடம் உலகத்துக்கு, வீடு வெளியே. இரண்டு வழியும் உண்டு. நம்முடைய மலைகள் எந்த வழியில் போகப்போகின்றன?

பணம் எங்கே நிற்கிறது

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அதை ஆயிரத்திலிருந்து அங்கே கொண்டுவர எத்தனை பேச்சுவார்த்தை, எத்தனை வழக்கு, எத்தனை வர்த்தமானி. ஒரு வெளிநாட்டுப் பயணி ஒரு பகல் நடைக்குக் கொழும்பு முகவரிடம் கட்டும் பணம் அதைப்போல் பல மடங்கு. வாகனம், ஹோட்டல், முகவர், வழிகாட்டி என்று அது பிரிகிறது. பாதை யாருடைய வாசல் வழியாகப் போகிறதோ அவர்களுக்கு அதில் ஒரு கோப்பைத் தேநீரின் விலை வந்தால் அதிகம்.

வழிகாட்டி வேலைக்கு இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, தள வழிகாட்டி என்று வகைகள் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகளுக்குப் பொருத்தமானது பிரதேச வழிகாட்டிப் பிரிவு. குறிப்பிட்ட பகுதிக்குள் மட்டும் வேலை செய்பவர்களுக்கானது அது. தடை அறிவில் இல்லை. ஆங்கிலத்தில் இருக்கிறது, பயிற்சிக் காலத்தில் நாட்சம்பளத்தை விட்டுப்போக முடியாத வீட்டு நிலைமையில் இருக்கிறது, இப்படி ஒரு தொழில் இருக்கிறது என்றே தெரியாமல் இருப்பதில் இருக்கிறது. உயர்தரம் முடித்த பிள்ளை கொழும்பில் புடைவைக் கடைக்குப் போகிறது, அல்லது வெளிநாட்டுக்குப் பணிப்பெண்ணாகப் போகிறது. குளவிக்கூடு எங்கே, ஊற்று எங்கே, ரோதை முனிக்கு எந்த மரத்தடியில் பூசை என்று தெரிந்த பிள்ளை அது.

ரோதை முனி என்றதும் ஞாபகம் வருகிறது. தோட்டத்து ஸ்டோரில் பெரிய சக்கரம் சுழலும்போது ஆளுக்கு ஆபத்து வரக் கூடாது என்று எங்கள் முன்னோர் வைத்த காவல் தெய்வம் அது. இயந்திரத்துக்குத் தெய்வம் வைத்த கதையைச் சொன்னால் எந்த நாட்டுக்காரரும் நின்று கேட்பார். கம்பனி அச்சிட்ட கையேடுகளில் அது இராது, தேயிலையின் நிறமும் மணமும்தான் இருக்கும்.

ஒருமுறை ஒரு குழு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. வெளியூரிலிருந்து வந்த வழிகாட்டி லயத்தைக் காட்டி, “இவர்களை இந்தியாவிலிருந்து கொண்டுவந்தார்கள், கம்பனி வீடு, தண்ணீர், ஆஸ்பத்திரி எல்லாம் இலவசமாகக் கொடுக்கிறது” என்று ஆங்கிலத்தில் சொன்னார். வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பாட்டி அவர்களைப் பார்த்துச் சிரித்தார், ஒன்றும் புரியாமல். அந்த இலவச வீட்டுக்கு அவரிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் பிராந்தியக் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்ட பிறகும் நிலம் அரசினுடையது, வீடு தோட்டத்தினுடையது. ஏழு பேர்ச்சஸ் நிலமும் உறுதியும் கிடைத்த குடும்பங்கள் சில. மீதிப்பேர் வேலை செய்யும்வரை இருக்கலாம் என்ற நிலையில்தான் இருக்கிறார்கள். 1948இல் குடியுரிமையை இழந்ததும், 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இங்கே என்று தலைகளை எண்ணிப் பிரித்ததும் அந்தப் பாட்டியின் சொந்த வாழ்க்கை. நாடற்றவர் என்ற நிலை சட்டத்தில் தீர்ந்தது 2003இல். இதைச் சொல்லத் தெரியாதவர் லயத்தைக் காட்டக் கூடாது என்பது என் கட்சி.

இதற்குக் கம்பனிகளோடு சண்டை பிடிக்க வேண்டியதில்லை. தோட்டத்துக்குள் போகும் நடை அந்தத் தோட்டத்து ஆள் ஒருவர் இல்லாமல் போகக் கூடாது என்று ஒரு வழக்கத்தை முகவர்களும் பாதையை நடத்துபவர்களும் ஏற்றுக்கொண்டால் போதும். சினாயில் கோத்திர எல்லை என்றால் எங்களுக்குத் தோட்ட எல்லை. லிடஸ்டேலில் ஒருவர், சென். லெனாட்ஸில் ஒருவர், ஹல்கரனோயாவில் ஒருவர். மதியச் சாப்பாட்டைத் தோட்டத்து வீடொன்றில் விலை பேசி வைக்கலாம். ரொட்டியும் கட்டச்சம்பலும் கீரையும் போதும், நடந்து வந்தவர் தட்டை வழித்துச் சாப்பிடுவார். ஓய்வுபெற்ற கங்காணி ஐயாவும் கொழுந்து எடுத்து இடுப்பு விட்டுப்போன அக்காவும் அரை நாள் கூடவே நடந்து கதை சொல்லி, கூலி வாங்கலாம். கதை சொல்வதும் வேலைதான்.

வடக்கிலிருந்து வருபவர்களுக்கு

ஏப்ரலில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, யாழ்ப்பாணம் என்று வடக்கிலிருந்து எத்தனையோ வாகனங்கள் நுவரெலியாவுக்கு வருகின்றன. ஹக்கலை சீதையம்மன் கோயில், கிரகரி வாவி, ஸ்ட்ரோபெரி, குளிருக்கு ஒரு சுவெற்றர், திரும்பிவிடுவார்கள். எங்கள் லயங்கள் ஜன்னலுக்கு வெளியே ஒரு வரிசை. குறையாகச் சொல்லவில்லை, நாங்களும் நயினாதீவுக்கு அப்படித்தான் போய்வருகிறோம்.

ஆனால் உங்களில் பலருக்கு இந்த மலை சுற்றுலா இடம் மட்டுமல்ல. 1970களின் பஞ்சத்திலும், 1977, 1983 வன்செயல்களிலும் லயங்கள் எரிந்தபோது இங்கிருந்து வன்னிக்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம், ஜெயபுரம் என்ற ஊர்களில் வாழ்பவர்களிடம் கேட்டுப்பாருங்கள், பாட்டன் பிறந்த தோட்டத்தின் பெயர் சொல்வார்கள். காட்டை வெட்டி மண்வீடு கட்டி இருந்தவர்கள் போரில் மீண்டும் எல்லாவற்றையும் விட்டு நடந்தார்கள். அப்படி ஒரு குடும்பம் என்னுடன் ராகலைப் பக்கத்தில் நடந்தது. மூத்தவர் ஒரு தோட்டத்துச் சந்தியில் நின்று, “எங்கட அப்பாச்சி சொன்ன மாதாகோயில் இதுவா தம்பி?” என்று கேட்டார். நான் பக்கத்து லயத்தில் ஒரு பெரியவரிடம் கூட்டிப்போனேன். இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டோம், அன்றைய நடை அவ்வளவுதான்.

நடை என்ற சொல்லே உங்களில் சிலருக்கு வேறு விதமாகக் கேட்கும் என்பதும் எனக்குத் தெரியும். 2009இல் மூட்டையோடும் பிள்ளையோடும் நடந்தவருக்கு மகிழ்ச்சிக்காக நடப்பது என்ற பேச்சு உறுத்தலாம். என்னுடன் வந்தவர்களில் ஒருவர் காட்டுக்குள் நுழையும் இடத்தில் நின்றுவிட்டார். நாங்கள் ரோட்டு வழியாகவே போனோம். வழிகாட்டி காரணம் கேட்கக் கூடாது, மாற்று வழி வைத்திருக்க வேண்டும். ஹப்புத்தளை, எல்ல பக்கத்துக் கட்டங்களை நடப்பவர்கள் பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ இருக்கிறது என்பதையும் அறிந்திருப்பது நல்லது. 2000 ஒக்டோபர் 25 அன்று புனர்வாழ்வு முகாமில் இருந்த தமிழ் இளைஞர்கள் கும்பலால் கொல்லப்பட்ட இடம். எந்தச் சுற்றுலா வரைபடத்திலும் அது குறிக்கப்படவில்லை.

மலையகத்தவரின் முதல் நடையும் இன்பத்துக்கானதல்ல. தமிழகக் கரையிலிருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலும் வாந்திபேதியும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. தலைமன்னாருக்கு ரயில் வந்தது 1914இல்தான். 2023இல், வந்து 200 வருடம் ஆனதை நினைத்து, ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற கூட்டிணைவு ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12 அன்று மாத்தளையில் முடியும் நடைபவனியை நடத்தியது. பதினாறு நாள். வழியில் மன்னாரிலும் வவுனியாவிலும் மக்கள் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்து வரவேற்றார்கள். அந்த வழி பீக்கோ பாதையில் இல்லை. மாத்தளையோடு நின்றுவிடும் அந்த வழியும் ஹந்தானையில் தொடங்கும் இந்த வழியும் ஒரு நாள் சேர வேண்டும். தலைமன்னாரிலிருந்து ராகலை வரை நடந்து வரக்கூடிய ஒரு பாதை, வடக்கில் வடக்குப் பிள்ளைகளும் மலையில் மலைப்பிள்ளைகளும் வழிகாட்டிகளாக. இது என் ஆசை மட்டும்தான், யாரும் திட்டம் போட்டதாகத் தெரியவில்லை.

வர நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். எல்லோரும் ஏப்ரலைச் சொல்வார்கள். ராகலை, உடப்புசல்லாவ பக்கம் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் இருப்பதால், ஹட்டனில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூலை, ஓகஸ்டில் இங்கே வெயிலும் காய்ந்த காற்றும் இருக்கும். உடப்புசல்லாவத் தேயிலைக்கு நல்ல மணம் ஏறும் பருவமும் அதுதான். பாடசாலை விடுமுறையும் ஓகஸ்டில் வந்தால் பிள்ளைகளோடு வரலாம். நவம்பர், டிசம்பரில் எங்களுக்கு மழை, மண்சரிவு எச்சரிக்கை இருக்கும்போது வர வேண்டாம். ஜனவரி காலைகளில் புல்லில் பனி உறையும், தொப்பியும் கம்பளியும் கொண்டுவாருங்கள். ஈரமான இடங்களில் அட்டை ஏறும். காலுறைக்குமேல் சவர்க்காரம் தேய்த்தால் குறையும். கடித்தால் பிய்த்து இழுக்காதீர்கள். புதுச் சப்பாத்து வாங்கிக்கொண்டு நேரே மலைக்கு வராதீர்கள், வீட்டில் பத்து நாள் போட்டு நடந்துவிட்டு வாருங்கள்.

வழிகாட்டியைப் பேசும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தத் தோட்டத்து ஆள் எங்களோடு வருவார், அவருக்கு எவ்வளவு போகும்? பதில் தெளிவாக வந்தால் அவருடன் போங்கள். பாட்டன் தோட்டத்தின் பெயர் தெரிந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெயர் ஆங்கிலத்தில் ஒன்று, நாங்கள் கூப்பிடுவது வேறொன்றாக இருக்கும். இரண்டும் தெரிந்த பெரியவர்கள் இன்னும் ராகலைச் சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு வைக்க எங்களுக்கு ஒரு வாரம் போதும்.